மலபாரில் செவன்ஸ் காலம்: ஒரு பயண நாட்குறிப்பு

வியாழன், பாலக்காடு

நவம்பரில் தொடங்கி மே மாதத்தில் மழை மேகம் கூடும் வரை, வடகேரளத்தின் ஏதாவது ஒரு சிற்றூரில் ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் செவன்ஸ் கால்பந்து நடந்துகொண்டிருக்கும். அணிக்கு ஏழு பேர், பாதிக்கு முப்பது நிமிடமாக ஒரு மணி நேர ஆட்டம், வழக்கமான மைதானத்தைவிடச் சிறிய திடல், எதிரணிக் கோல் அருகே முன்கூட்டியே போய் நிற்பதைத் தடுக்கும் ஆஃப்சைடு விதி கிடையாது. பந்து இரு கோல்களுக்கும் இடையே ஓயாமல் போய்வர இவ்வளவு போதும். உள்ளூர்க் கமிட்டிகள் தனித்தனியாக நடத்தும் போட்டிகளை செவன்ஸ் ஃபுட்பால் அசோசியேஷன் என்ற அமைப்பு ஒரே அட்டவணைக்குள் கொண்டுவருகிறது. அதனால் பல ஊர்க் கோப்பைகள் சேர்ந்து, ஒரு லீகைப் போலவே, முழுப் பருவமாக நீள்கின்றன. ஆடுகிறவர்களுக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி உண்டு. உள்ளூர் வீரர்களில் பலருக்குப் பகலில் வேறொரு வேலையும் உண்டு. கேரளக் கால்பந்துச் சங்கம் இந்த ஆட்டத்தைத் தன்னுடையதாக ஏற்பதில்லை.

இந்தப் பருவத்தின் நடுவே பாலக்காட்டிலிருந்து கோழிக்கோடு வரை ஊர் ஊராகத் தங்கி ஆட்டம் பார்ப்பது, பார்த்ததை அன்றன்றைக்கே எழுதிப் பதிவிடுவது என்ற எண்ணத்தோடு இன்று காலை கோவையில் ரயில் ஏறினேன். செவன்ஸைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அதன் கூட்டத்தையும் ஆரவாரத்தையும் மட்டுமே சொல்கிறோம். அந்த ஆரவாரத்தைத் தாங்கி நிற்பவை சில உடல்கள் என்பதும், அந்த உடல்களுக்கு ஏதேனும் நேர்ந்தால் பொறுப்பேற்க யாரும் இல்லை என்பதும் எனக்குப் பல ஆண்டுகளாக உறுத்திக்கொண்டிருக்கும் விஷயங்கள். அதனால்தான் நூரணியிலிருந்து தொடங்கினேன்.

நூரணி, பாலக்காடு நகருக்குள்ளேயே இருக்கும் பழைய அக்ரஹாரம். தமிழ் இன்றும் புழங்கும் தெரு. அதன் அருகில் செயற்கைப் புல்தரை போட்ட கால்பந்து மைதானம் இருக்கிறது. 2020 ஜனவரியில் இங்கே ஒரு காட்சி ஆட்டம் ஏற்பாடாகியிருந்தது. பாலக்காட்டுக்காரரான ஆர். தனராஜன், ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான், முகமதன் ஸ்போர்ட்டிங் என்று கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடியவர். 2019 டிசம்பர் 29 அன்று பெரிந்தல்மண்ணாவில் ஒரு செவன்ஸ் ஆட்டத்தின் நடுவே மாரடைப்பால் சாய்ந்து இறந்துபோனார். அப்போது அவருக்கு 39 வயது. அவருடைய குடும்பத்துக்கு நிதி திரட்டுவதற்காகத்தான் நூரணியில் அந்த ஆட்டம். இந்திய அணியின் முன்னாள் வீரர்கள் ஐ.எம். விஜயனும் பாய்ச்சுங் பூட்டியாவும் வந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, பார்வையாளர்கள் அமரும் தற்காலிக காலரி சரிந்து, ஐம்பது பேர் வரை காயமடைந்தார்கள். ஒரு வீரரின் இழப்பை ஈடுகட்டத் திரண்ட கூட்டமே அடுத்த விபத்துக்கு ஆளானது.

மைதானத்தில் இன்று மாலை பள்ளிச் சிறுவர்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். பயிற்சியாளரிடம் தனராஜனைப் பற்றிக் கேட்டேன். “கொல்கத்தாவில் அவ்வளவு காலம் ஆடியவர், முப்பத்தொன்பது வயதில் ஏன் செவன்ஸுக்கு வந்தார் என்று வெளியூர்க்காரர்கள் எல்லாரும் கேட்பார்கள். ஆட்டம் தெரிந்தவன், காலில் பலம் இருக்கும் வரை ஆடத்தானே செய்வான்? இங்கே அதற்கு அன்றைக்கே காசு கிடைக்கும்” என்றார். பெரிய கிளப்பிலிருந்து வெளியே வந்த பிறகும் இந்திய வீரர் ஒருவர் ஆடிப் பிழைக்க இருக்கும் இடங்கள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று என்பதைத்தான் அவர் சொன்னார்.

வெள்ளி, அங்காடிப்புறம் – பெரிந்தல்மண்ணா

ஷொரணூரிலிருந்து நிலம்பூர் செல்லும் ரயில் பாதை 66 கிலோமீட்டர். ஒற்றைத் தடம். இருபுறமும் தேக்கும் ரப்பரும் நெருங்கி நிற்க, மரங்களின் நிழலுக்குள்ளேயே வண்டி போகிறது. பெரிந்தல்மண்ணாவுக்கு அங்காடிப்புறத்தில் இறங்க வேண்டும். பிரான்சிஸ் புக்கானன் என்ற ஆய்வாளர், 1807இல் வெளியான தம் பயண நூலில் ‘லேட்டரைட்’ என்று பெயரிட்ட செம்புரைக்கல்லைக் கண்டது இந்த ஊரில்தான். அதற்கொரு நினைவுக் கல்லும் இருக்கிறது. மண்ணியல் படிக்காதவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் மலப்புறம் மாவட்டத்தில் ஓர் ஆட்டம் பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்பிச் சட்டையை உதறும்போது, உதிர்வது அந்தக் கல்லின் தூள்தான். செவன்ஸின் தரை இதுவே: தண்ணீர் தெளித்து உருளை ஓட்டி இறுக்கிய செம்மண், அல்லது அறுவடை முடிந்த வயல். இந்தத் தரையில் முட்டி தேய விழுந்து எழுகிறவனுக்கும் புல்தரையில் விழுகிறவனுக்கும் உடம்பு ஒரே மாதிரி உழைப்பதில்லை.

பெரிந்தல்மண்ணாவின் காதரலி நினைவுப் போட்டி, செவன்ஸ் பருவத்தின் மூத்த போட்டிகளில் ஒன்று. தனராஜன் விழுந்தது அதில்தான். நான் போனபோது அந்தத் திடலில் ஆட்டம் இல்லை. பேருந்து நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடையில் அந்த இரவைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஒருவர், பந்தில்லாத இடத்தில் அவர் திடீரென்று உட்கார்ந்ததைக் கையால் காட்டினார். வேறு யாரும் அதற்கு மேல் பேச விரும்பவில்லை; நானும் வற்புறுத்தவில்லை.

இரவு ஆட்டத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு ஆட்டோவில் போனேன். வயலுக்கு நடுவே நான்கு மூலைகளிலும் உயரமான கம்பங்களில் விளக்குகள். இஷா எனும் இரவுத் தொழுகை முடிந்து ஆட்கள் வந்து சேர்ந்தபின், ஏறத்தாழ ஒன்பது மணிக்கு ஆட்டம் தொடங்கியது. அதற்கு முன் ஒரு மணி நேரம் ஒலிபெருக்கியில் அறிவிப்பாளரின் ராஜ்ஜியம். எதுகை மோனையோடு வீரர்களை ஒவ்வொருவராகப் போற்றி, நாளைய ஆட்டத்துக்கு இன்றே அழைப்பு விடுத்து, இடையே வறுத்த கடலை விற்பவருக்கும் நுழைவுச் சீட்டுப் பெட்டிக்கும் தனித்தனியே சொல் ஒதுக்குகிறார். மலையாளம் பாதி புரிந்தாலும் அந்தத் தாளம் முழுவதும் புரிந்தது.

முதல் பத்து நிமிடம் எனக்கு ஆட்டத்தைத் தொடரவே முடியவில்லை. பதினொருவர் ஆட்டத்தில் பந்து நடுக்களத்தில் சற்று ஓய்வெடுக்கும். இங்கே அந்த நடுக்களமே கிடையாது. கோல்கீப்பர் எறிந்த பந்து ஒரு தொடுதலில் எதிர்முனைக்குப் போய்விடுகிறது. ஆஃப்சைடு இல்லாததால் முன்வரிசை ஆள் எதிரணிக் கோல்கீப்பரின் அருகிலேயே நிற்கிறார். அவரை விட்டு அகல முடியாத பின்வரிசை ஆள் இரவு முழுவதும் அவருடைய தோளோடு தோள் மோதிக்கொண்டே இருக்கிறார். நடுவர் ஊதும் ஃபவுல்களைவிட ஊதாமல் விடுபவை அதிகம். சிவப்பு அணியின் இடது விங்கில் ஆடிய மெலிந்த இளைஞன் ஒருவன், மூன்று பேரைக் கடந்து கோட்டோரம் வரை போய், பந்தை இழுத்துப் பின்னுக்குத் தள்ளியபோது, ஓடி வந்த ஆள் அதைத் தரையோடு அடித்துக் கோலாக்கினான். காலரி முழுவதும் எழுந்து நின்றது. எனக்குக் கீழே மரம் அசைந்ததைக் கால்களில் உணர்ந்தேன்.

சனி, மலப்புறம் – மஞ்சேரி

மலப்புறத்துக்குக் கால்பந்தைக் கொண்டுவந்தவர்கள் பிரிட்டிஷ் படைமுகாமின் சிப்பாய்கள் என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். 1921 மலபார்க் கிளர்ச்சியின்போது அமைக்கப்பட்ட மலபார் சிறப்புக் காவல் படை, அதாவது எம்.எஸ்.பி., இன்றும் இந்த நகரின் நடுவில் இருக்கிறது. தங்களை அடக்க வந்தவர்களின் விளையாட்டைப் பார்த்துப் பழகி, அதைத் தங்களுக்கே உரியதாக்கிக்கொண்ட மாப்பிள முஸ்லிம் இளைஞர்களின் வரலாறு விரிவாக எழுதப்பட வேண்டிய ஒன்று. படை இருந்தது, பின்னர் படைக்கு ஒரு கால்பந்து அணி வந்தது, நன்றாக ஆடினால் காவல் துறையில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையும் கூடவே வந்தது. ஐ.எம். விஜயன் திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற சிறுவன். கேரளக் காவல் துறை அணி அவரை எடுத்துக்கொண்டது. 1990இலும் 1991இலும் அந்த அணி தேசிய கிளப் போட்டியான ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. 2025இல் அவர் ஓய்வு பெற்றபோது எம்.எஸ்.பி.யில் அதிகாரியாக இருந்தார். அதே ஆண்டு பத்மஸ்ரீயும் வந்தது. செவன்ஸ் திடலில் ஓடும் ஒவ்வோர் இளைஞனின் மனத்திலும் விஜயனின் வாழ்க்கை ஒரு சாத்தியமாக இருக்கிறது.

மஞ்சேரிக்கு அருகே பய்யநாட்டில் மாவட்ட விளையாட்டு வளாகம் இருக்கிறது. 2022 மே 2 அன்று, மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் கேரளம் வங்காளத்தைப் பெனால்டியில் வென்றது இங்கேதான். அரையிறுதியில் கர்நாடகத்துக்கு எதிராக, மாற்று வீரராக இறங்கிய ஜெசின் ஐந்து கோல் அடித்தார்; கேரளம் 7–3. அந்த நாட்களில் நோன்பு திறந்துவிட்டு மக்கள் நேரே மைதானத்துக்கு வந்ததைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட கால்பந்துக்கு இந்த மாவட்டம் தரும் கூட்டத்தை வளர்த்துக் கொடுத்தது செவன்ஸ் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அங்கீகாரம் உள்ள ஆட்டம் அங்கீகாரம் இல்லாத ஆட்டத்திடம் பட்டிருக்கும் இந்தக் கடனைச் சங்கங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அணிகளின் பெயர்களை இன்று ஒரு சுவரொட்டியிலிருந்து குறித்துக்கொண்டேன். ஃபிஃபா மஞ்சேரி, அல் மதீனா செர்ப்புளச்சேரி, சூப்பர் ஸ்டுடியோ மலப்புறம், ராயல் டிராவல்ஸ் கோழிக்கோடு, லின்ஷா மெடிக்கல்ஸ் மண்ணார்க்காடு, ஜவஹர் மாவூர், ஜிம்கானா திருச்சூர். புகைப்பட நிலையம், பயண நிறுவனம், மருந்துக் கடை என்று, பணம் போட்டவர்களின் தொழிலே அணியின் பெயராகிவிட்டது. வளைகுடாப் பணமும் கடைத்தெருப் பணமும் சேர்ந்து நடத்தும் லீக் என்பதை அந்தப் பெயர்களே சொல்லிவிடுகின்றன.

மாலையில், ஒரு அணியின் பின்வரிசையில் ஆடும் வீரர் ஒருவரோடு நீண்ட நேரம் பேசினேன். பகலில் டைல்ஸ் பதிக்கும் வேலை செய்கிறார். “காலையில் எட்டு மணிக்கு முட்டி போட்டு உட்கார்ந்தால் மாலை நான்குக்கு எழுவேன். ஆறு மணிக்கு மானேஜரின் வண்டி வந்துவிடும். ஆட்டம் முடிந்து வீடு சேர ஒரு மணி, இரண்டு மணி ஆகும்” என்றார். முட்டி வலிக்காதா என்று கேட்டேன். வலிக்காமல் எப்படி இருக்கும் என்றவர், வலி மருந்து தடவிக்கொண்டு ஆடுவதாகவும், ஒரு பருவத்தில் கணுக்கால் முறிந்து வேலைக்கும் போக முடியாமல் ஆட்டத்துக்கும் போக முடியாமல் மாதக்கணக்கில் வீட்டில் இருந்ததாகவும் சொன்னார். மருத்துவச் செலவில் ஒரு பகுதியை மானேஜர் தன் கையிலிருந்து கொடுத்திருக்கிறார். போட்டி நடத்திய கமிட்டியும் ஒரு தொகை கொடுத்திருக்கிறது. “எல்லாம் நல்ல மனசால் கொடுத்தது. கேட்டு வாங்க எனக்கு ஒரு காகிதமும் கிடையாது, அண்ணா” என்றார்.

ஞாயிறு, வாணியம்பலம் – காளிகாவு

இன்று ஆட்டத்தைவிட மரவேலையைத்தான் அதிகம் பார்த்தேன்.

காளிகாவுப் பகுதியில் அடுத்த வாரம் தொடங்கவிருக்கும் ஒரு போட்டிக்காகக் காலரி கட்டிக்கொண்டிருந்தார்கள். கமுகு மரங்களை நெடுக்காக நட்டு, குறுக்கே மூங்கிலும் கமுகும் வைத்துக் கயிற்றால் இறுக்கி, அதன் மேல் பலகையும் பிளந்த கமுகும் படிப்படியாகப் பரப்புகிறார்கள். இதைக் கட்டுபவர்கள் ஒரு பருவம் முழுவதும் ஊர் ஊராகப் போய் இதே வேலையைச் செய்கிறவர்கள். ஓர் ஊரில் அவிழ்த்த மரத்தை லாரியில் ஏற்றி அடுத்த ஊரில் நடுகிறார்கள். மேஸ்திரி அறுபது வயதைக் கடந்தவர். ஒவ்வொரு கட்டையும் தரைக்குள் எவ்வளவு இறங்க வேண்டும், எந்த மண்ணில் எவ்வளவு கூடுதலாக இறங்க வேண்டும், எந்த இடத்தில் சாய்வுக் கட்டை கொடுக்காவிட்டால் காலரி பக்கவாட்டில் சாயும் என்பதையெல்லாம் வரைபடம் ஏதுமின்றி அவர் சொல்லிக்கொண்டே போனார். எடை நேராகக் கீழே இறங்கும் வரை மரம் தாங்கும் என்பது அவர் கணக்கு. கோல் விழுந்ததும் ஆயிரம் பேர் ஒரே நொடியில் எழுந்து ஒரே பக்கமாகச் சாய்ந்தால், அந்த எடை முடிச்சுகளின் மேல் விழுகிறது.

இங்கிருந்து அதிக தூரமில்லாத பூங்கோட்டில் 2022 மார்ச்சில் நடந்ததும் அதுவே. இறுதி ஆட்டத்துக்குக் கூட்டம் அளவுக்கு மீறி வந்திருந்தது. முந்தைய நாட்களில் பெய்த மழையில் மண் இளகியிருந்தது. ஆட்டம் தொடங்கும் முன் காலரி சரிந்து ஏறத்தாழ இருநூறு பேர் காயமடைந்தார்கள். ஆட்டத்தை நடத்தியவர்கள் மேல் காவல் துறை வழக்குப் பதிந்தது. அந்தக் காணொளியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு பக்கம் முழுவதும் மெல்ல முன்னே குனிந்து, பின் மொத்தமாக இறங்குகிறது.

மேஸ்திரியிடம் இதைப் பற்றிக் கேட்கத் தயக்கமாக இருந்தது. அவரே எடுத்தார். “மரம் எத்தனை பேரைத் தாங்கும் என்று நான் கமிட்டியிடம் சொல்லிவிடுவேன். சீட்டு எத்தனை கிழிப்பது என்பது என் கையில் இல்லையே” என்றார். இந்த ஒரு வாக்கியத்தில் பிரச்சினை முழுவதும் இருப்பதாக எனக்குப் படுகிறது. கட்டுகிறவருக்கு அறிவு இருக்கிறது. கூட்டத்தை விரும்பும் கமிட்டிக்குப் பெரும்பாலும் நல்ல நோக்கமும் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நின்று, இவ்வளவு பேருக்கு மேல் உள்ளே விடக்கூடாது என்று சொல்லும் அதிகாரம் ஆட்டத்துக்குள் யாரிடமும் இல்லை. கால்பந்துச் சங்கத்தின் கீழ் நடக்கும் ஆட்டத்தில் மைதானத்தைச் சோதிக்க ஓர் ஆள் வருவார். செவன்ஸை ஏற்காததன் மூலம் அந்த ஆளை அனுப்பும் கடமையிலிருந்தும் சங்கம் விலகிக்கொள்கிறது. தற்காலிக காலரிகளுக்கான அனுமதியை உள்ளாட்சி அமைப்புகளும் காவல் துறையும் பார்த்துக்கொள்கின்றன என்பது உண்மைதான்; என்றாலும் இறுதி ஆட்டத்தின் இரவில் வாசலில் நின்று எண்ணுகிறவர் தேவை.

இரவு வாணியம்பலத்தில் ஒரு வீட்டில் தங்கினேன். பத்திரி எனும் அரிசி ரொட்டியும் கோழிக் கறியும் தந்தார்கள். அந்த வீட்டுப் பெரியவர், தம் இளமையில் பகல் வெளிச்சத்தில்தான் செவன்ஸ் நடக்கும் என்றும், கமுகு நிழலில் நின்றே பார்ப்பார்கள் என்றும் சொன்னார்.

திங்கள், அரீக்கோடு

சாலியாற்றின் கரையில் இருக்கும் அரீக்கோட்டைப் போல் கால்பந்தோடு இணைத்துப் பேசப்படும் சிற்றூர் இந்தியாவில் அதிகம் இருக்காது. இந்தியாவுக்காக ஆடி, கேரளக் காவல் துறை அணியின் பொற்காலத்தில் பின்வரிசையைத் தாங்கிய யு. ஷரஃப் அலி, இந்த ஊரை ஒட்டிய தெரட்டம்மலைச் சேர்ந்தவர். ஆற்றோரப் பாதையில் காலையில் நடந்தபோது ஒவ்வொரு திருப்பத்திலும் ஏதாவது ஒரு கோல் கம்பம் கண்ணில் பட்டது.

செவன்ஸில் ஆட கானா, நைஜீரியா, லைபீரியா, ஐவரி கோஸ்ட் முதலிய நாடுகளிலிருந்து வீரர்கள் பல ஆண்டுகளாக வருகிறார்கள். எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஊர்க்காரர்கள் அவர்களை ‘சுடானி’ என்றே அழைக்கிறார்கள். பருவத்துக்கு மட்டும் வந்து, மானேஜர் பிடித்துக் கொடுத்த வாடகை வீட்டில் நான்கைந்து பேராகத் தங்கி, ஆட்டத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் வாங்கி, அதில் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பும் தொழிலாளர்கள் அவர்கள். இங்கிருந்து வளைகுடாவுக்குப் போய் ஒரே அறையில் எட்டுப் பேராகத் தங்கிப் பணம் அனுப்பிய தலைமுறைக்கு இந்த வாழ்க்கை அந்நியமானதன்று. அந்த நினைவாலேயே பல வீடுகளில் அவர்களுக்கு உண்மையான அன்பு கிடைக்கிறது. நோயுற்றபோது கஞ்சி வைத்துக் கொடுத்த அம்மாக்களை நான் கேட்டறிந்தேன்.

ஆனால் அன்பை மட்டும் எழுதிவிட்டுப் போனால் இந்த நாட்குறிப்பு பொய்யாகிவிடும். 2024 மார்ச்சில் அரீக்கோட்டுக்கு அருகில் நடந்த ஓர் ஆட்டத்தில், ஐவரி கோஸ்டைச் சேர்ந்த வீரர் ஒருவரைப் பார்வையாளர்கள் நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தி, துரத்திச் சென்று அடித்தார்கள். அவர் மாவட்டக் காவல் அதிகாரியிடம் நேரில் புகார் கொடுத்தார். கூட்டம் அவரைத் துரத்துவதை நாடு முழுவதும் காணொளியில் பார்த்தது. அந்த ஊர்க்காரர்களிடமே இதைப் பற்றிக் கேட்டேன். வெட்கத்தோடு பேசியவர்கள் பலர். அவரும் பதிலுக்கு ஏதோ செய்தார் என்று தொடங்கியவர்கள் சிலர். ஒரு மனிதனை நூறு பேர் துரத்திய பிறகு அந்தச் சிலருடைய வாதத்துக்கு நான் காது கொடுக்கத் தயாராக இல்லை. கடல் கடந்து வந்து தன் ஊர்க் கோப்பைக்காக ஓடுகிறவனைக் காக்க முடியாத ஊர், அவனை ஆட அழைக்கக் கூடாது.

2025 பிப்ரவரியில் தெரட்டம்மலிலும் ஒரு விபத்து நடந்தது. இறுதி ஆட்டத்துக்கு முன் வெடித்த வாணவேடிக்கை பார்வையாளர்கள் மேல் சிதறியதில் முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். காலரி, வாணவேடிக்கை, கும்பல் என்று ஒவ்வொன்றும் தனித்தனிச் செய்தியாக வந்து மறைந்துவிடுகிறது. பருவம் முழுவதையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் காரணம் ஒன்றுதான்: பொறுப்பேற்க யாரும் இல்லை.

இரவு ஆட்டத்துக்குப் பிறகு கானாவைச் சேர்ந்த ஓர் இளைஞரோடு கொஞ்சம் ஆங்கிலத்தில் பேசினேன். சுலைமானி எனும் பாலில்லாத தேநீர் குடித்துக்கொண்டே, இங்கே ஆடுவதில் கடினமானது எது என்று கேட்டேன். வெயிலோ தரையோ என்று நினைத்திருந்தேன். ஓய்வு நாள் இல்லாதது என்றார். அரையிறுதிக் காலத்தில் தொடர்ந்து பல இரவுகள் வெவ்வேறு ஊர்களில் இறங்கியிருக்கிறார். இறங்கவில்லை என்றால் அன்றைய கூலி இல்லை. தன் காலை நீட்டிக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடங்களில் செம்மண் ஏறிய காயம் இன்னும் ஆறாமல் இருந்தது.

செவ்வாய், கோழிக்கோடு

அரீக்கோட்டிலிருந்து பேருந்தில் காலையிலேயே வந்துவிட்டேன். வழியில் கொண்டோட்டி. படிப்புச் செலவுக்காக ஆட்டோ ஓட்டி, பின்னர் இந்திய அணியின் தடுப்பாட்டக்காரராக உயர்ந்த அனஸ் எடத்தொடிகாவின் ஊர் அது.

கோழிக்கோட்டில் சேட் நாக்ஜி கோப்பை 1952இல் தொடங்கியது. பல ஆண்டுகள் நின்று, 2016இல் வெளிநாட்டு கிளப்புகளோடு மீண்டும் ஒருமுறை நடந்தது. கார்ப்பரேஷன் மைதானத்தில் கோகுலம் கேரளம் அணி ஆடுகிறது. 2021இலும் 2022இலும் அந்த அணி தேசிய கிளப் போட்டியான ஐ-லீகை வென்றது. 2024இல் சூப்பர் லீக் கேரளம் தொடங்கி, முதல் கோப்பையை இந்த நகரத்தின் அணியே எடுத்தது. புதிய லீக் வந்தால் செவன்ஸ் மங்கிவிடும் என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஆனால் ஆறு அணிகள் கொண்ட லீகில் இடம் கிடைக்கும் உள்ளூர் வீரர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? மீதியுள்ளவர்கள் இரவு வண்டிக்காகத்தான் காத்திருப்பார்கள். ஒப்பந்தம் உள்ளவர்கள் செவன்ஸ் ஆடக் கூடாது என்று கிளப்புகள் தடுப்பதில் நியாயம் இருக்கிறது. காலை முறித்துக்கொண்டால் கிளப்புக்கு நட்டம். ஒப்பந்தம் இல்லாதவனின் கால் முறிந்தால் அது யாருடைய நட்டம் என்ற கேள்விக்குத்தான் இந்த நகரத்து அலுவலகங்களில் விடையில்லை.

புதன், மஞ்சேரிக்கு அருகே ஒரு கிராமம்

ஒரு கமிட்டி தன் போட்டியின் கணக்கைப் பார்க்க என்னையும் உட்கார அனுமதித்ததால் இங்கே திரும்பி வந்தேன். ஊரின் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

செயலாளர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். சீட்டு விற்ற பணம், கடைக்காரர்களின் விளம்பரப் பணம், வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் அனுப்பிய பணம் ஒரு பக்கம். அணிகளுக்குக் கொடுப்பது, காலரி, விளக்கு, ஜெனரேட்டர், நிலத்துக்காரருக்கான வாடகை, பரிசு மறுபக்கம். மீதி ஊரின் வலிநிவாரணக் கிளினிக்குக்குப் போகிறது. படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் இந்த வலிநிவாரண இயக்கம் 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கி மலப்புறம் முழுவதும் ஊர்தோறும் பரவியது. 2008இல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே வகுத்தது. ஊர் நோயாளிகளின் மருந்துக்கும் படுக்கைக்கும் செவன்ஸின் வருமானம் போவது இங்கே சாதாரணமான வழக்கம். என் மனத்தில் இருந்த கேள்விகளை இந்த மேசையில் வைப்பதற்கு அந்தக் கணக்கே எனக்குத் தைரியம் கொடுத்தது.

ஊரின் நோயாளிகளை இவ்வளவு அக்கறையோடு பார்க்கும் கமிட்டி, தன் திடலில் ஆடுகிறவர்களுக்குக் காப்பீடு எடுத்திருக்கிறதா என்று கேட்டேன். திடலருகே ஆம்புலன்ஸ் நிற்கிறது என்றார்கள். நானே முந்தைய இரவுகளில் பார்த்திருக்கிறேன். மின்னதிர்ச்சி கொடுத்து இதயத்தை மீட்கும் கருவி இருக்கிறதா என்றபோது, செயலாளர் சற்று யோசித்து, இல்லை என்றார். தனராஜனின் பெயரை நான் எடுக்கவில்லை. மேசையைச் சுற்றி இருந்தவர்களில் ஒருவர் எடுத்தார். அதன் பிறகு அரை மணி நேரம் கணக்கை விட்டுவிட்டு அதைப் பற்றியே பேசினார்கள். ஓர் அணிக்குக் கொடுக்கும் தொகையில் சிறு பங்கை அசோசியேஷனிடம் பொது நிதியாகக் கட்டினால் பருவம் முழுவதற்கும் எல்லா வீரர்களுக்கும் சேர்த்துக் காப்பீடு எடுக்கலாமே என்று இளைஞர் ஒருவர் சொன்னார். ஒரு கமிட்டி மட்டும் செய்து பயனில்லை, எல்லாக் கமிட்டிகளும் சேர வேண்டும் என்றார் பொருளாளர். “நாம் முதலில் எழுதிக் கொடுப்போம், சேருகிறவர்கள் சேரட்டும்” என்று செயலாளர் முடித்தார். அசோசியேஷனுக்கு அனுப்பும் கடிதத்தை என் முன்னாலேயே குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினார்கள். அனுப்பினார்களா, பதில் வந்ததா என்பதை அறிந்ததும் இதே இடத்தில் எழுதுகிறேன்.

போக விரும்பும் நண்பர்கள் சிலர் விவரம் கேட்டிருந்தார்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஆட்டங்கள் மிக நெருக்கமாக நடக்கும். நோன்பு மாதத்தில் பல ஊர்களில் இடைவெளி விடுவார்கள் அல்லது நேரம் மாறும். கோவையிலிருந்து ஷொரணூர் சென்று நிலம்பூர் வண்டியில் அங்காடிப்புறத்தில் இறங்குவது எளிது. எந்த ஊரில் எந்த இரவு என்ன ஆட்டம் என்பதைப் பேருந்து நிலையச் சுவரொட்டிகளில் பார்க்கலாம். ஆட்டோ ஓட்டுநர்களுக்கு அட்டவணை மனப்பாடம். திரும்பி வர வண்டியை முன்பே பேசிவிடுங்கள். இறுதி ஆட்டத்தின் கூட்டத்தில் உயரமான படிகளுக்கு ஏறாமல், தரையை ஒட்டிய முதல் வரிசைகளிலோ கோட்டோர நாற்காலிகளிலோ இடம் பிடியுங்கள். காலரியில் ஆள் நிரம்பிய பின்னும் சீட்டு விற்பதைக் கண்டால், வாசலில் இருக்கும் கமிட்டி ஆளிடம் பணிவாக ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள். வெளியூர்க்காரர் சொன்னால் அவர்கள் கேட்கிறார்கள்.